வெளிநாட்டில் பயண அட்டை: இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம் தொடங்கிப் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி வரையுள்ள நம் கடற்கரை ஊர்களில், சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ உறவினர் இல்லாத தெரு அரிது. வேலைக்குச் செல்லும் சபுராளிகள் மட்டுமல்லாமல், அங்கே குடும்பத்தோடு வாழும் பிள்ளைகளைப் பார்த்துவரச் செல்லும் பெற்றோரும் இன்று பலர். அப்படிச் செல்லும் பெரியவர்கள், மகனுக்கு விடுமுறை கிடைக்கும் நாள் வரை அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே அமர்ந்திருப்பதைப் பரவலாகக் காண முடிகிறது. பேருந்திலும் ரயிலிலும் தாமாகப் போய்வர அவர்களுக்குத் தேவைப்படுவது ரீசார்ஜ் செய்யக்கூடிய ஓர் அட்டையும், அதைப் பயன்படுத்தும் முறை பற்றிய தெளிவும்தான். அதற்காகவே இக்கேள்விகளுக்கான விடைகள் இங்கே சற்று விரிவாகத் தரப்படுகின்றன. கட்டணங்கள் அவ்வப்போது திருத்தப்படுபவை என்பதால், இங்குள்ள தொகைகளைப் புறப்படும் முன் அங்குள்ள உறவினரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பயண அட்டை எவ்வாறு வேலை செய்கிறது?

அட்டையின் பிளாஸ்டிக் ஏடுகளுக்கு நடுவே சிறிய சில்லு ஒன்றும், அதனோடு இணைந்த மெல்லிய கம்பிச் சுருளும் உள்ளன. அதில் மின்கலம் கிடையாது. ரயில் நிலைய வாயிலில் உள்ள கருவி வெளியிடும் அலையிலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெற்றுக்கொண்டு, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கருவியோடு தகவல் பரிமாறிக்கொள்கிறது. நுழையும்போது, நீங்கள் எந்த நிலையத்தில் ஏறினீர்கள் என்பது பதிவாகிறது. வெளியேறும்போது, இறங்கிய நிலையத்தையும் ஏறிய நிலையத்தையும் ஒப்பிட்டுக் கட்டணம் கணக்கிடப்படுகிறது. ஆகவே, தொலைவுக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் ஊர்களில், ஏறும்போது வைத்த அட்டையை இறங்கும்போதும் வைத்தாக வேண்டும்.

பணம் எங்கே இருக்கிறது என்பதில் இரு வகைகள் உள்ளன. ஒரு வகையில் இருப்புத்தொகை அட்டையின் சில்லிலேயே எழுதப்பட்டிருக்கும். வாயிலைக் கடக்கும்போதே கட்டணம் கழிந்து, மீதித் தொகை திரையில் தெரியும். மற்றொரு வகையில் அட்டை வெறும் அடையாள எண்தான். பணம் போக்குவரத்து நிறுவனத்தின் மையக் கணினியில் உங்கள் கணக்கில் இருக்கும், வாயிலில் மீதி தெரியாது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், கீழே வரும் பல விடைகள் எளிதாகிவிடும்.

நம் ஊர்ப் பேருந்தில் ஏறிப் பழகியவர்கள் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரைக்குப் பேருந்தில் ஏறினால், கூட்டத்தில் எங்கே நின்றாலும் நடத்துநர் நம்மைத் தேடி வந்து சீட்டுக் கொடுப்பார், சில்லறையும் தருவார். சிங்கப்பூர், துபாய் பேருந்துகளில் நடத்துநர் என்று எவரும் இல்லை. கதவருகே உள்ள கருவியில் அட்டையை வைப்பதுதான் சீட்டு வாங்குவது, இறங்கும் கதவருகே மீண்டும் வைப்பதுதான் கணக்கு முடிப்பது. சிங்கப்பூரில் முன்கதவில் ஏறிப் பின்கதவில் இறங்க வேண்டும். இரு கதவுகளிலும் கருவி உண்டு. ஓட்டுநரிடம் காசாகவும் கொடுக்கலாம் என்றாலும், சரியான தொகையைப் பெட்டியில் போட வேண்டும், மீதிச் சில்லறை கிடைக்காது, கட்டணமும் அட்டைக் கட்டணத்தைவிடக் கூடுதல்.

இதில் வயதானவர்களுக்கு ஏற்படும் தயக்கம் முற்றிலும் இயல்பானது. பின்னால் வரிசை நிற்கிறதே என்ற பதற்றத்தில் அட்டையைக் காட்டியும் காட்டாமலும் நகர்ந்துவிடுகிறார்கள். கருவியின் மீது அட்டையைத் தட்டையாக வைத்து, ஒலி கேட்கும் வரை அல்லது பச்சை விளக்கு எரியும் வரை எடுக்காமல் இருப்பதே போதுமானது. பிள்ளைகள் முதல் நாளே அவர்களைக் கூட்டம் குறைந்த நேரத்தில் அருகிலுள்ள நிலையத்திற்கு அழைத்துச் சென்று, இரண்டு நிலையம் போய்த் திரும்பிவரச் செய்வதை வலியுறுத்திச் சொல்வேன்.

ஒரு நாட்டின் அட்டை இன்னொரு நாட்டில் செல்லுமா?

செல்லாது. சிங்கப்பூருக்கு ஈஸி-லிங்க், மலேசியாவுக்கு டச் அன் கோ, துபாய்க்கு நோல், ஹாங்காங்கிற்கு ஆக்டோபஸ் என ஒவ்வொன்றும் தனித்தனி. அமீரகத்துக்குள்ளேயே துபாயின் நோல் அட்டை அபுதாபி நகரப் பேருந்துகளில் செல்லாது, அங்கே ஹஃபிலாத் என்ற வேறு அட்டை வேண்டும். இந்திய மெட்ரோக்களில் பயன்படும் தேசியப் பொதுப் பயண அட்டையும் உள்நாட்டுக்கானதே.

மலேசியாவின் எல்லை ஊரான ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குள் வரும் 170ஆம் எண் பேருந்தில் ஈஸி-லிங்க் அட்டை செல்லும். ஆனால் எல்லைச் சாவடியில் பெட்டிகளோடு இறங்கும்போது அட்டையை வைத்துவிட்டு இறங்க வேண்டும், குடிநுழைவுச் சோதனை முடிந்து அடுத்த பேருந்தில் ஏறும்போது மறுபடி வைக்க வேண்டும்.

சிங்கப்பூரில் அட்டையை எங்கே, என்ன விலைக்கு வாங்குவது?

சாங்கி விமான நிலையத்தின் 2, 3ஆம் முனையங்களுக்கு இடையே எம்ஆர்டி ரயில் நிலையம் உள்ளது. அங்குள்ள பயணச்சீட்டு அலுவலகத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். நகருக்குள் மற்ற பெரிய நிலையங்களிலும் பல வசதிக் கடைகளிலும் கிடைக்கும். பெரியவர்களுக்கான சாதாரண அட்டை 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே வெள்ளி என்பார்கள்). அதில் 5 வெள்ளி அட்டையின் விலை, அது திரும்பக் கிடைக்காது. மீதி 5 வெள்ளி பயணத்துக்கான இருப்பு. ரயிலில் நுழைய இருப்பு குறைந்தது 3 வெள்ளி இருக்க வேண்டும் என்பதால், வாங்கிய உடனேயே இன்னும் 10 வெள்ளி ஏற்றிக்கொள்வது வசதி.

முன்பு ஒரு பயணத்துக்கு மட்டும் வாங்கக்கூடிய சீட்டு அங்கே இருந்தது. 2022 முதல் அது விலக்கப்பட்டதால், ரயிலில் செல்ல ஏதேனும் ஓர் அட்டை இருந்தே ஆக வேண்டும். இரண்டு மூன்று நாள் மட்டும் தங்கி ஊர் முழுதும் சுற்றிப் பார்ப்பவர்களுக்கு, எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கக்கூடிய சுற்றுலாப் பயணியர் அட்டை தனியாக உண்டு. மகன் வீட்டில் ஒரு மாதம் தங்குபவர்களுக்கு அது ஏற்றதன்று. பிற்பகலில் லிட்டில் இந்தியாவுக்கோ, சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசலுக்கோ போய்வருபவர்களுக்குச் சாதாரண அட்டையே சிக்கனமானது.

ரயிலிலிருந்து பேருந்துக்கு மாறும்போது இரு முறை கட்டணம் கழிந்துவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். இறங்கிய 45 நிமிடத்துக்குள் அடுத்த வண்டியில் ஏறினால் இரண்டும் ஒரே பயணமாகவே கணக்கிடப்படும். இவ்வாறு இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து முறை வரை மாறலாம். ஆனால் அதே எண்ணுள்ள பேருந்தில் மீண்டும் ஏறினால் அது புதிய பயணம்.

வாயிலைக் கடக்கும்போது மீதித் தொகை தெரியவில்லை. அட்டையில் பழுதா?

பழுதில்லை. சிம்ப்ளிகோ என்னும் கணக்கு முறையில் இயங்கும் அட்டைகளில் பணம் மையக் கணினியில் இருப்பதால், சிங்கப்பூர் வாயில்களில் இருப்பு காட்டப்படுவதில்லை. கைப்பேசிச் செயலியிலோ நிலையத்திலுள்ள இயந்திரத்திலோ பார்த்துக்கொள்ள வேண்டும். சில்லிலேயே பணம் இருக்கும் பழைய வகை அட்டைகளை நிறுத்தப்போவதாக 2024 ஜனவரியில் அந்நாட்டு நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தபோது, மீதியைக் கண்ணால் பார்க்க முடியாமல் போவதை மக்கள், குறிப்பாக முதியோர், ஏற்கவில்லை. அதே மாதத்தில் அந்த முடிவு கைவிடப்பட்டது. பழைய முறையைத் தொடர்ந்து இயக்க 40 மில்லியன் வெள்ளி செலவிடவும் அரசு முன்வந்தது. கையிலுள்ள தொகை எவ்வளவு என்று அறிந்துகொண்டு செலவு செய்ய விரும்புவது நியாயமான விருப்பம், அதற்கு ஓர் அரசே இடம்கொடுத்தது மகிழ்ச்சிக்குரியது. உங்களுக்குக் கிடைப்பது புதிய வகையானால், செயலியில் அட்டையைப் பதிவு செய்யும் வேலையை மகளிடமோ பேரனிடமோ ஒப்படைத்துவிடலாம். இருப்பு குறையும்போது அவர்கள் தங்கள் கைப்பேசியிலிருந்தே பணம் ஏற்றவும் முடியும்.

இந்திய வங்கி அட்டையையே வாயிலில் காட்டிச் செல்ல முடியாதா?

சிங்கப்பூரில் முடியும். தொடாமல் பணம் செலுத்தும் குறியுள்ள விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை 2019 முதல் அங்கே ஏற்கிறார்கள். எனினும் மூன்று செய்திகளைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். முதலாவது, வெளிநாட்டு வங்கி அட்டையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 சிங்கப்பூர் காசு நிர்வாகக் கட்டணம் வாங்கப்படுகிறது. ஒரு நாளில் ஒரே முறை பேருந்தில் ஏறுபவருக்கு இது கணிசமான கூடுதல் செலவு. இரண்டாவது, நம் வங்கியும் அயல்நாட்டுப் பணமாற்றுக்கென ஒரு விழுக்காட்டைத் தனியே சேர்க்கும். மூன்றாவது, ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 முதல் புதிதாக வழங்கப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தொடக்கத்தில் மூடப்பட்டே இருக்கும். வங்கிச் செயலியிலோ கிளையிலோ அதைத் திறந்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும், தொடாமல் செலுத்தும் வசதியையும் தனியே திறக்க வேண்டும்.

இரண்டு நாள் மட்டும் தங்கும் வணிகருக்கு வங்கி அட்டை சரி. பெற்றோருக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. ஓய்வூதியமும் சேமிப்பும் இருக்கும் கணக்கின் அட்டையை ஒவ்வொரு பேருந்திலும் வெளியே எடுப்பதைவிட, தொலைந்தால் பத்து இருபது வெள்ளியோடு போய்விடும் பயண அட்டையே அவர்களுக்குப் பாதுகாப்பானது.

கணவன் மனைவி இருவரும் ஒரே அட்டையில் போகலாமா?

கூடாது, முடியவும் முடியாது. உள்ளே நுழைந்ததாகப் பதிவான அட்டை, வெளியேறியதாகப் பதிவாகும் வரை இன்னொருவருக்கு வாயிலைத் திறக்காது. ஆளுக்கோர் அட்டை வேண்டும். இதை நான் வெறும் தொழில்நுட்பக் காரணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. வாப்பாவின் பையில் ஒரே அட்டை இருந்தால், உம்மா தனியாகக் கடைத்தெருவுக்கோ அடுத்த பேட்டையிலுள்ள தங்கை வீட்டுக்கோ புறப்பட முடியாது. அவருடைய கையிலும் ஓர் அட்டை இருக்கட்டும். அதன் உறையில் வீட்டு முகவரி, அருகிலுள்ள நிலையத்தின் பெயர், மகனின் கைப்பேசி எண் ஆகியவற்றை எழுதிய துண்டுத்தாளையும் வைத்துக் கொடுங்கள். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று என்பதால் ரயில்களில் பாதுகாப்பு அறிவிப்புகள் தமிழிலும் ஒலிக்கும், வழிகேட்கத் தமிழறிந்தவர்களும் கிடைப்பார்கள்.

சிறு குழந்தைகளுக்குப் பல ஊர்களில் அட்டை தேவையில்லை. சிங்கப்பூரில் 0.9 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தை, பெரியவரோடு செல்லும்போது கட்டணமின்றிப் பயணிக்கலாம்.

இறங்கும்போது அட்டையை வைக்க மறந்துவிட்டால் என்ன ஆகும்?

சிங்கப்பூர் பேருந்தில் மறந்தால், அந்தப் பேருந்து கடைசி நிறுத்தம் வரை சென்றால் என்ன கட்டணமோ அது முழுவதும் கழிக்கப்படும். தண்டனை என்று எவரும் பிடிக்க மாட்டார்கள். பணம்தான் போகும், அதுவும் பெரிய தொகையன்று. ஆகவே பெற்றோரைக் கடிந்துகொள்ளாமல் அடுத்த முறை நினைவூட்டினாலே போதும்.

இதனோடு சேர்ந்த இன்னொரு சிக்கல் அதிகம் கவனிக்கப்படுவதில்லை. பணப்பையில் பயண அட்டை, வங்கி அட்டை ஆகியவை ஒன்றாக இருக்க, பையையே கருவியின் மீது வைத்தால், எந்த அட்டை படிக்கப்படும் என்று சொல்ல முடியாது. ஏறும்போது பயண அட்டையிலும் இறங்கும்போது வங்கி அட்டையிலும் பதிவானால், முடிவுபெறாத இரண்டு பயணங்களாகக் கணக்கிட்டு இரண்டிலும் கூடுதல் கட்டணம் கழியும். பயண அட்டையைத் தனி உறையில் வைத்து, தனியாக எடுத்து வைப்பதே இதற்குத் தீர்வு.

கோலாலம்பூரில் டச் அன் கோ அவசியமா?

ரயிலுக்கு அவசியமில்லை, ஆனால் உதவியானது. எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் நிலையங்களில் உள்ள இயந்திரத்தில் பணம் போட்டால் நீல நிறப் பிளாஸ்டிக் வில்லை ஒன்று கிடைக்கும். நுழையும்போது அதைக் கருவியில் வைத்து, வெளியேறும்போது வாயிலிலுள்ள துளையில் போட்டுவிட வேண்டும். மஸ்ஜித் இந்தியா பகுதிக்கு ஓரிரு முறை போய்வருபவருக்கு அதுவே போதும். ஆனால் ரேபிட் கேஎல் பேருந்துகளில் காசு வாங்குவதில்லை, அட்டை இருந்தால்தான் ஏற முடியும். ரயிலிலும் அட்டைக் கட்டணம் வில்லைக் கட்டணத்தைவிடக் குறைவு. அதே அட்டை கேடிஎம் கொம்யூட்டர் ரயிலிலும், நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளிலும், பினாங்கின் பேருந்துகளிலும் செல்லும் என்பதால், மலேசியாவில் பல ஊர்களில் உறவினர் உள்ளவர்கள் வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது. உறவினர் காட்டும் 50 ரிங்கிட் மாதச் சலுகை அட்டையைக் கேட்டு ஏமாற வேண்டாம், அது மலேசியக் குடிமக்களுக்கு மட்டும் உரியது.

துபாயின் நோல் அட்டைகளில் எந்த நிறத்தை வாங்குவது?

பார்வையாளருக்கு வெள்ளி நிறம். துபாய் மெட்ரோ 2009 செப்டம்பரில் தொடங்கப்பட்டது முதல் நோல் அட்டைதான் அங்கே பயணச்சீட்டு. வெள்ளி அட்டையின் விலை 25 திர்ஹம், அதில் 19 திர்ஹம் பயணத்துக்கு இருக்கும். ஐந்து ஆண்டு செல்லும். சிவப்பு நிறம் காகிதச் சீட்டு. 2 திர்ஹமுக்குக் கிடைத்தாலும் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு திர்ஹம் கூடுதல் என்பதால், சில நாள் தங்கினாலே வெள்ளி அட்டை மேல். பொன்னிற அட்டையில் கட்டணம் இரு மடங்கு, அதற்கென ஒதுக்கிய பெட்டியில் அமரலாம். நீல நிறம் பெயரும் படமும் பதித்த அட்டை, அங்கே வசிப்பவர்களுக்குத்தான் அது பயன்.

துபாயில் கட்டணம் மண்டலக் கணக்கில் அமைந்தது. நகரம் ஏழு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரே மண்டலத்துக்குள் சென்றால் 3 திர்ஹம், அடுத்த மண்டலம் வரை 5, அதற்கு மேல் எத்தனை மண்டலம் கடந்தாலும் 7.50. நெடுந்தூரம் போய்த் திரும்புவதற்கு 15 திர்ஹம் ஆகும் என்பதால், வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவ்வளவாவது இருப்பது நல்லது. ஒரு வண்டியிலிருந்து இறங்கி 30 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏறினால் தொடர்பயணமாகும்.

அட்டையில் பணம் இருந்தும் அபராதம் கட்ட நேரும் இடம் ஒன்று உண்டு, அதை மறவாமல் நம்மவர்களிடம் சொல்லி அனுப்புங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்கிய பகுதியில் ஆண்கள் நின்றாலும், பொன்னிற அட்டைக்குரிய பெட்டியில் வெள்ளி அட்டையோடு ஏறினாலும், 100 திர்ஹம் அபராதம். நெரிசலில் எந்தக் கதவு என்று பாராமல் ஏறும் புதியவர்களே இதில் அகப்படுகிறார்கள். நடைமேடையில் எழுதியிருப்பதைப் பார்த்து நிற்க வேண்டும். ரயிலில் உண்பதும் பருகுவதும் அங்கும் சிங்கப்பூரிலும் தடைசெய்யப்பட்டவை. கீழக்கரைத் தொதல் பொட்டலம் வீடு போய்ச் சேரும் வரை கட்டியபடியே இருக்கட்டும்.

விமான நிலையத்தின் 1, 3ஆம் முனையங்களில் மெட்ரோ நிலையம் உண்டு. 2ஆம் முனையத்தில் இல்லை என்பதால், அங்கே இறங்குபவர்கள் பேருந்திலோ வாடகைக் காரிலோதான் புறப்பட வேண்டும்.

ஹாங்காங்கின் ஆக்டோபஸ் எவ்வகையில் வேறுபட்டது?

கீழக்கரை வணிகர்களுக்கு நெடுங்காலமாகப் பழக்கப்பட்ட ஊர் அது. 1997இல் தொடங்கிய ஆக்டோபஸ் அட்டையை ரயிலில் மட்டுமன்றி மளிகைக் கடையிலும் உணவகத்திலும் கொடுக்கலாம். 150 ஹாங்காங் டாலருக்கு வாங்கினால் 50 முன்வைப்பு, 100 செலவுக்கு. முன்வைப்பு திரும்பக் கிடைக்கும், ஆனால் வாங்கிய 90 நாளுக்குள் ஒப்படைத்தால் 11 டாலர் பிடித்துக்கொள்வார்கள். இருப்பு சற்றுப் போதாமல் போனாலும் கடைசிப் பயணத்தை முடிக்க முன்வைப்பு கைகொடுக்கும். அங்குள்ள பேருந்துகளில் பெரும்பாலும் ஏறும்போது மட்டும் அட்டையை வைத்தால் போதும், டிராம் வண்டியிலோ இறங்கும்போதுதான் வைக்க வேண்டும்.

உம்ரா செல்பவர்களுக்கு இத்தகைய அட்டை தேவையா?

தேவையில்லை. மக்காவையும் மதீனாவையும் இணைக்கும் ஹரமைன் விரைவு ரயிலுக்குப் பயணியின் பெயரில் சீட்டு முன்பதிவு செய்ய வேண்டும். ரியாதில் உறவினரைப் பார்க்கச் செல்பவர்களுக்கு மட்டும், 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்நகர மெட்ரோவில் தர்ப் அட்டை பயன்படும்.

மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா?

சிங்கப்பூரில் 60 வயது கடந்தோருக்குரிய சலுகை, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. அங்கே வாழும் சம்பந்தியின் சலுகை அட்டையை அன்போடு கொடுத்தாலும் வாங்கிப் பயன்படுத்தாதீர்கள். அதில் அவருடைய படம் இருக்கும், பரிசோதகர் கேட்டால் கொடுத்தவரும் சங்கடப்பட நேரும்.

ஊர் திரும்பும்போது மீதிப் பணத்தை என்ன செய்வது?

தொகை பெரிதானால் நிலைய அலுவலகத்தில் கேட்டுத் திரும்பப் பெறலாம். சிறிதானால் அட்டையோடு எடுத்து வந்து, அடுத்து புறப்படும் உறவினருக்குக் கொடுத்துவிடுவது சிறந்தது. பெயரும் படமும் பதியாத சாதாரண ஈஸி-லிங்க், நோல் வெள்ளி அட்டைகளை யாரும் பயன்படுத்தலாம். கொடுக்கும் முன், செயலியில் உங்கள் பெயரில் பதிவு செய்திருந்தால் அதை நீக்கிவிடுங்கள். பெறுபவர் அங்கே இறங்கியதும், வாயிலுக்குப் போகும் முன்பாக நிலைய இயந்திரத்தில் அட்டையை வைத்து இருப்பையும் காலாவதி நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காலாவதியாகியிருந்தால் மீதியை வேறோர் அட்டைக்கு மாற்றித் தருமாறு அங்குள்ள அலுவலகத்திலேயே கேட்கலாம்.